பில்லில் ‘எம்.எஸ்.’ என்று இருந்தது

டீசல் வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினோரு வருஷம் பெட்ரோல் வண்டி. என்ன நடந்திருக்கும் என்று பாதிப் பேருக்கு இதற்குள் புரிந்திருக்கும்.

மச்சினி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நானும் மாமனாரும் நாமக்கல்லில் இருந்து மதுரைக்குக் கிளம்பினோம். மே மாத வெயில். கரூர் தாண்டி ஒரு பங்கில் வண்டியை விட்டேன். எந்த பங்க் என்பது வேண்டாம். தப்பு முழுக்க என்னுடையது. “ஆயிரத்து ஐந்நூறுக்குப் பெட்ரோல் போடுங்க” என்று சொன்னது என் வாய். போட வந்த பையன், “பிரீமியமா, சாதாவா சார்?” என்று கேட்டான். “சாதா” என்றேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டான் அல்லவா, எல்லாம் சரிபார்த்துத்தான் போடுகிறான் என்று மனசு தானாகத் திருப்தியாகிவிட்டது. மாமா கை கால் கழுவப் போயிருந்தார். வண்டி இரண்டாம் கை. மூடிக்கு உள்பக்கம் ‘டீசல்’ ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்தான் மிச்சம். பெட்ரோல் கன்னின் மூக்கு ஒல்லி. டீசல் வண்டியின் வாய்க்குள் தாராளமாகப் போகும். தடுக்க அங்கே எதுவும் இல்லை.

நாலு கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியவில்லை. பைப்பிலும் ஃபில்டரிலும் இருந்த பழைய டீசலில்தான் வண்டி ஓடியிருக்கிறது. முதலில் கண்டுபிடித்தது மாமா. “மாப்ள, வண்டி பேச்சு மாறுதுங்களே” என்றார். எனக்கு ஏசி சத்தம்தான் கேட்டது. அரை நிமிஷம் கழித்து எனக்கும் கேட்டது. பால் கேனுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி டொக் டொக் என்று. ஆக்சிலேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெள்ளைப் புகை.

ஓரங்கட்டி, ஹசார்ட் விளக்கைப் போட்டு, வண்டியை நிறுத்தினேன். டேஷ்போர்டில் பில் கிடந்தது. 14.72 லிட்டர். பொருள் என்ற இடத்தில் ‘எம்.எஸ்.’ என்று இருந்தது. எம்.எஸ். என்றால் மோட்டார் ஸ்பிரிட், அதாவது பெட்ரோல். டீசலுக்கு எச்.எஸ்.டி. என்று வரும். இத்தனை வருஷம் வாங்கிய பில்லில் எல்லாம் அந்த எம்.எஸ். இருந்திருக்கும், ஒரு நாளும் படித்ததில்லை. மாமா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாமா பழைய லாரிக்காரர். நாமக்கல்லில் டாடா 1210 வைத்துப் பத்து இருபது வருஷம் ஓட்டியவர். கொஞ்ச நேரம் கழித்து வழி சொன்னார். “இப்ப என்ன கெட்டுப்போச்சுங்க? பக்கத்து பங்க் வரைக்கும் மெதுவா உருட்டுங்க. டீசலைக் கழுத்து வரைக்கும் ரொப்பி, மேல ஒரு லிட்டர் இன்ஜின் ஆயிலை ஊத்துங்க. ஓடிடும்.”

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். டேங்க் 45 லிட்டர். உள்ளே ஏற்கெனவே பத்து லிட்டர் போல டீசல் இருந்தது. அதன் மேல் பதினைந்து பெட்ரோல். இன்னும் இருபது டீசல் ஊற்றினாலும் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலாகவே இருக்கும். மாமா விடவில்லை. “பெட்ரோல் லேசுங்க, மேல மிதக்கும். பைப் அடியில இருந்துதானே உறிஞ்சுது?” இதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெட்ரோல் லேசு என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரும் எண்ணெயும் மாதிரி இவை பிரிந்து நிற்காது. ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். அப்புறம் பட்டறையில் கண்ணாடி பாட்டிலில் பிடித்து மணிக்கணக்கில் வைத்துப் பார்த்தோம், நடுவில் ஒரு கோடுகூட விழவில்லை.

மாமா சொன்னது பொய்யான வைத்தியம் கிடையாது. அவர் லாரிக்கு அது பொருந்தும். அதில் டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புவது மைக்கோ பம்ப். மைக்கோ என்பது 1951-இல் தொடங்கிய பெங்களூர்க் கம்பெனி, 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. லாரிக்காரர்கள் இன்றும் மைக்கோ என்றுதான் சொல்கிறார்கள். அந்த வரிசைப் பம்பில் கீழே சுற்றுகிற கேம் ஷாஃப்ட் தனியாக ஆயிலில் ஊறிக் கிடக்கும். டீசலில் வழவழப்பு கொஞ்சம் குறைந்தாலும் அது சமாளிக்கும். குளிர் நாடுகளில், பனியில் டீசல் மெழுகாக உறையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் கலக்கலாம் என்று பழைய டீசல் கார்களின் கையேட்டிலேயே போட்டிருந்தார்கள். இங்கே ரேஷன் மண்ணெண்ணெய் கலந்து ஓடிய லாரிகள் எத்தனை என்று மாமாவிடம் கேட்டேன். “எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க” என்று வெளியே பார்த்தார்.

இந்தக் காரில் இருப்பது காமன் ரெயில். பம்ப் டீசலை அழுத்தி ‘ரெயில்’ என்கிற ஒரே குழாயில் நிறுத்தும், எல்லா சிலிண்டருக்கும் அங்கிருந்துதான் போகும். பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசலே அதற்கு ஆயில். அந்தப் பம்ப் டீசலை அழுத்துகிற அழுத்தம் முழு லோடில் ஆயிரம் பாருக்கு மேல் போகும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 32 பி.எஸ்.ஐ., அதாவது 2.2 பார். டீசலை சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இப்படிப்பட்ட இடத்தில் பெட்ரோல் போனால் வழவழப்பைக் கழுவி எடுத்துவிடும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. இரும்போடு இரும்பு உரசிப் பொடி விழும். அந்தப் பொடி ரெயிலுக்குப் போய், இன்ஜெக்டருக்குப் போய், ரிட்டர்ன் பைப் வழியாக டேங்குக்கே திரும்பும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பம்ப், ரெயில், நாலு இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்ற வேண்டியதுதான். செலவு லட்சத்தைத் தொடும்.

அந்த டொக் டொக் ஏன் என்றால், டீசல் அழுத்தச் சூட்டிலேயே சட்டென்று பற்றிக்கொள்ள வேண்டிய எரிபொருள். பெட்ரோல் அப்படித் தானாகப் பற்றக் கூடாது என்றே தயாராவது. பற்ற வேண்டிய நேரத்தில் பற்றாமல் சேர்ந்து நின்று, பிறகு மொத்தமாகப் பற்றும். அந்த அடிதான் காதில் விழுகிறது.

பங்கிலேயே கவனித்துச் சாவியைத் தொடாமல் இருந்திருந்தால் டேங்கைக் காலி செய்வதோடு வேலை முடிந்திருக்கும். நான் நாலு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இனி ஒரு சுற்று கூட இன்ஜின் சுற்றக் கூடாது என்று முடிவு செய்து, அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனின் நம்பரை டீக்கடையில் வாங்கிக் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “திரும்ப செல்ஃப் அடிச்சீங்களா?” இல்லை என்றேன். “அடிக்காதீங்க, வர்றேன்.”

குட்டியானையில் வந்து கயிறு கட்டினார். ஸ்டீயரிங் பூட்டு விடுபடச் சாவியை ஒரு கட்டம் திருப்பியாக வேண்டும். மாமா பின் சீட்டில் இருந்து “சாவியைத் தொடாதீங்க” என்று கத்தினார். எங்கள் வண்டியில் டேங்குக்குள் மின்சாரப் பம்ப் இல்லை, அதனால் ஒரு கட்டம் திருப்பியதில் ஒன்றும் ஓடவில்லை. டேங்குக்குள் மோட்டார் உள்ள வண்டிகளில் சாவி ‘ஆன்’ போனாலே அது பைப்பை நிரப்பிவிடும், அங்கே மாமா கத்தியதுதான் சரி. இன்ஜின் ஓடாத காரைக் கயிற்றில் இழுக்கும்போது ஓட்டிப் பார்த்தால் தெரியும்: இரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும், ஸ்டீயரிங் திருப்பத் தோள் வலிக்கும். மூன்று கிலோமீட்டரில் சட்டை நனைந்துவிட்டது.

பட்டறை தகரக் கொட்டகை. ஆனால் வண்டியை உள்ளே விடவில்லை, வெளியே வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கொட்டகைக்குள் தரையோடு தவழ்ந்து தேங்கி நிற்கும். பக்கத்தில் கேட் வேலை செய்கிற இடத்தில் வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் போய் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார். எங்கள் போன்களை வாங்கித் திண்ணையில் வைத்தார். மணல் வாளி ஒன்று பக்கத்தில் வந்தது. இரண்டு இருபது லிட்டர் இரும்பு கேன்கள். ஜம்ப் ஸ்டார்ட் ஒயரின் ஒரு முனையைக் கேனிலும் மறுமுனையைக் காரின் பாடியிலும் கவ்வ வைத்தார். ட்யூபில் எரிபொருள் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், பொறி வரலாம், அதற்காகத்தான் இது. இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. என் பழைய வண்டியில் நானே ப்ளாஸ்டிக் குடத்தில் பெட்ரோல் இறக்கியிருக்கிறேன், நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

டேங்கின் அடியில் வடிகால் போல்ட் இல்லை. வாய் வழியாக ட்யூப் விட்டால் வளைவில் முட்டி நிற்கிறது. அதனால் பின் சீட்டைத் தூக்கினோம். அதன் அடியில் ஒரு ரப்பர் பென்சில், கடலை மிட்டாய்த் தாள், முந்தைய ஓனரின் ஒற்றைத் தோடு. தரையில் வட்டமாக ஒரு தகர மூடி, நாலு ஸ்க்ரூ. மூடியைத் திறந்ததும் டேங்கில் டீசல் அளவு பார்க்கிற ஃப்ளோட்டின் தலை தெரிந்தது, மேலெல்லாம் பல வருஷப் புழுதி. உடனே கழற்றப் போன என் கையை அண்ணன் தட்டிவிட்டார். பெயிண்ட் பிரஷ்ஷும் ஈரத் துணியும் கொடுத்து, “இந்த மண்ணு உள்ள விழுந்தா பெட்ரோலே தேவலைன்னு ஆயிரும் தம்பி” என்றார். பத்து நிமிஷம் துடைத்தேன். பைப் இரண்டையும் கழற்றி, எது போவது எது வருவது என்று தெரிய ஒன்றில் மட்டும் நூல் கட்டினோம். ஃப்ளோட்டைப் பிடித்திருந்த ரிங்கை இரும்பால் தட்டாமல், வேப்பங்கட்டையை வைத்துத் தட்டிச் சுற்றினார்.

வாடை மூக்கில் ஏறியது. சந்தேகமே வேண்டியதில்லை. இருந்தாலும் அண்ணன் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காட்டினார். சுத்தமான பெட்ரோல் சொட்டு ஒரு நிமிஷத்தில் சுவடில்லாமல் காய்ந்துவிடும். டீசல் சொட்டு வடைத் தாள் மாதிரி எண்ணெய்க் கறையாக நிற்கும். எங்கள் சொட்டு பாதி காய்ந்து, ஓரத்தில் மெல்லிய வளையமாக நின்றது.

பேரலுக்குப் போடுகிற கைப்பம்பால் சுற்றிச் சுற்றி இறக்கினோம். 24 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. கடைசி லிட்டர்தான் உயிரை வாங்கும். டேங்குக்குள் தடுப்புகள் இருக்கின்றன, மூலையில் தேங்கியது ட்யூபுக்கு எட்டாது. காரின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சாய்த்து அதையும் எடுத்தோம். பிறகு இரண்டு லிட்டர் புது டீசல் ஊற்றி, ஆளுக்கொரு பக்கம் வண்டியை ஆட்டி, அதையும் இறக்கிக் கலப்புக் கேனில் சேர்த்தோம். உள்ளே பனியன் வேஸ்ட் போட்டுத் துடைக்கட்டுமா என்று கேட்டேன். நூல் விட்டுப்போனால் ஃபில்டரை அடைக்கும், வேண்டாம் என்றார்.

அடுத்தது ஃபில்டர். பழையதைக் கழற்றி ஹாக்ஸாவால் வட்டமாக அறுத்தார். இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். உள்ளே மடிப்பு மடிப்பாகத் தாள். கத்தரியால் வெட்டி எடுத்து, நனைந்த புடவையை உதறி விரிப்பதுபோல் வெள்ளைத் துணி மேல் விரித்தோம். வெயிலில் ஜிகினா மாதிரி மின்னினால் பம்ப் போச்சு என்று அர்த்தம். ஆனால் டேங்கில் இருந்து வருவதுதான் ஃபில்டரில் நிற்கும். பம்ப் இப்போது விட்ட பொடி ரிட்டர்ன் வழியாக டேங்குக்குத் திரும்பி, மறுபடி வந்தால்தான் இங்கே தெரியும். நாலு கிலோமீட்டருக்கு இது பாதிச் சாட்சிதான் என்று அண்ணனே சொன்னார். அதனால் பம்பில் இருந்து திரும்பும் பைப்பைக் கழற்றி, அதில் இருந்ததைத் தனியாகக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, காந்தத்தைத் துணியில் சுற்றி அதில் ஆட்டிப் பார்த்தோம். துணியில் கருப்பு அழுக்கு இருந்தது, மின்னல் இல்லை. மாமா டம்ளரை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பொடி இல்லைங்க” என்றார். பத்திரிகைக்குக் கிளம்பியதில் இருந்து அவர் குரலில் தெம்பு வந்தது அப்போதுதான்.

புது ஃபில்டரில் டீசலை நிரப்பி மாட்டி, டேங்கில் பத்து லிட்டர் புது டீசல் ஊற்றினோம். இனி பைப்பில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டர் பக்கம் ஒரு ரப்பர் உருண்டை இருக்கிறது, அதை அமுக்க அமுக்க டீசல் மேலேறும். முதலில் தொளதொளவென்று இருந்தது. நாற்பது, ஐம்பது அமுக்கில் எலுமிச்சம்பழம் மாதிரி ஆகி, அப்புறம் கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிவிட்டது.

இந்த இடத்தில் மாமா ஸ்பானரோடு வந்தார். லாரியில் ஏர்லாக் ஆனால் நாசில் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, நுரை போய் டீசல் பீச்சியதும் இறுக்குவார்கள். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, இது மைக்கோ இல்லைங்க. இதுல நட்டு தளர்ந்து பீச்சுனா கையைத் துளைச்சிட்டு உள்ள போயிரும்.” காமன் ரெயிலின் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறும், காயம் ஊசிமுனை அளவுதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். மாமா ஸ்பானரைக் கீழே வைத்தார், முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

ஸ்டார்ட் செய்யும் முன் அண்ணன் இன்னொன்று செய்தார். யாராவது இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் பைப்பை டேங்கில் மாட்டவில்லை. நீளமான ட்யூப் போட்டுத் தனிக் கேனில் விட்டார். பம்பிலும் ரெயிலிலும் மிச்சமிருக்கும் கலப்பு புது டீசலில் போய்ச் சேராமல் வெளியே வந்துவிடும்.

மூன்றாவது செல்ஃபில் பிடித்தது. தும்மியது, வெள்ளைப் புகை கக்கியது, ஒரு நிமிஷம் டொக்கியது, பிறகு மெல்ல அடங்கியது. ரிட்டர்ன் கேனில் ஒன்றரை லிட்டர் சேர்ந்த பிறகு வாடை பார்த்து, இன்ஜினை நிறுத்திப் பைப்பை டேங்கில் மாட்டினோம். ஸ்கேனரில் ஐடிலில் ரெயில் அழுத்தம் 270 பார் சுற்றி நின்றது; வண்டியின் கம்ப்யூட்டர் கேட்ட அளவும் கிடைத்த அளவும் ஒன்றாக இருந்தன. அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையைப் பம்பிலும் பிடியைக் காதுக் குருத்திலும் வைத்துக் குனிந்து நின்றார். ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு ஸ்க்ரூடிரைவரை அண்ணனிடம் நீட்டினார். அவரும் கேட்டார். “கரகரப்பு இல்லைங்கய்யா.” “இல்லைங்க.” இரண்டு பேரும் ஸ்கேனரை அப்புறம் பார்க்கவே இல்லை.

கணக்கு: கயிறு கட்டி இழுத்ததும் கூலியும் சேர்த்து 3,500, ஃபில்டர் 1,350, வீணான பெட்ரோல் 1,500, அதோடு போன பத்து லிட்டர் டீசல் தனி. சாதாரண இன்சூரன்சில் இது வராது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். கலப்பைத் தோட்டத்து இன்ஜினுக்குக் கேட்டு ஒருவர் வந்தார், கொடுக்கவில்லை. பாதிக்கு மேல் பெட்ரோல், அது எங்கே இருந்தாலும் பெட்ரோல் மாதிரிதான் பற்றும். பார்ட்ஸ் கழுவ என்று அண்ணனே வைத்துக்கொண்டார். கேன் மேல் மாமா சாக்பீஸால் ‘கலப்பு – ஊத்தாதே’ என்று எழுதினார்.

இதுவே தலைகீழாக, பெட்ரோல் வண்டியில் டீசல் போயிருந்தால் சேதம் பெரும்பாலும் இந்த அளவுக்குப் போகாது. ப்ளக் நனைந்து புகைந்து வண்டி நின்றுவிடும். டேங்கையும் பைப்பையும் ப்ளக்கையும் சுத்தம் செய்து ஓட்டலாம். நிஜமாகப் பயப்பட வேண்டியது, புது பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் சிலவற்றுக்கு வரும் ஆட்புளூவை டீசல் டேங்கில் ஊற்றுவது. அது யூரியாக் கரைசல். உப்புப் பூத்த மாதிரி எல்லா இடத்திலும் படியும். வாய் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வண்டிகள் உண்டு, நீல மூடியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்ததும் மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மாலையில் திரும்பியபோது மூடிக்கு மேலே, லாரி பெயிண்டரின் கையெழுத்தில், மஞ்சளில் சிவப்பு நிழல் போட்டு ‘டீசல்’ என்று இருந்தது. இரு பக்கமும் ஒவ்வொரு தாமரை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறு வாரம் பம்ப் இன்ஜெக்டர் கடையில் ரிட்டர்ன் அளவு பார்த்தோம். ஒவ்வொரு இன்ஜெக்டரில் இருந்தும் கசிந்து திரும்புவதைத் தனித்தனி பாட்டிலில் மூன்று நிமிஷம் பிடிப்பார்கள். நாலில் மூன்று ஒரே மட்டம். மூன்றாவது பாட்டிலில் மட்டும் ஒரு நூல் கூடுதல். வண்டி 1,10,000 கிலோமீட்டர் ஓடியது; இது பெட்ரோல் செய்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியாது என்றார் கடைக்காரர். ஆயிரம் கிலோமீட்டரில் ஃபில்டரை மறுபடி மாற்றி, பழையதை அறுத்துப் பார்த்தேன், தாள் சுத்தமாக இருந்தது. ஐயாயிரத்தில் பாட்டில் வைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். இப்போது 3,200.